சோளக்காட்டில் நடந்த பனிப்போர்

புரட்டாசி மழையை நம்பி மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் ஊன்றி முடித்த அன்று, சென்னையிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். பனிரெண்டாம் வகுப்பு. கையில் வரலாற்றுப் புத்தகம். பனிப்போர்ப் பாடத்தில் அணுகுண்டு, பெர்லின் சுவர், கியூபா ஏவுகணை, நிலாப் பயணம் எல்லாம் இருந்தது. "மாமா, இவங்க கடைசி வரைக்கும் நேருக்கு நேர் சண்டையே போடலையா?"ன்னு கேட்டான். போட்டாங்கடா, சோளக்காட்டுல போட்டாங்கன்னு சொன்னேன். கிண்டல் பண்றேன்னு நினைச்சுட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1953ல் ஸ்டாலின் இறந்தபோது சோவியத் யூனியனிடம் அணுகுண்டு இருந்தது. ஆனா கடைகளில் கறி, வெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பு. கூட்டுப்பண்ணைகளில் இருந்து அடிமாட்டு விலைக்குத் தானியத்தை வாங்கிக்கொண்டு போனதில் கிராமங்கள் நொந்து போயிருந்தன. அடுத்து வந்த குருஷ்சேவ் கிராமத்துப் பையன். கம்யூனிசம் ஜெயிக்கணும்னா சனங்க தட்டில் கறியும் பாலும் இருக்கணும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கறிக்கும் பாலுக்கும் மாட்டுத் தீவனம் வேணும். தீவனத்துக்கு அமெரிக்காக்காரன் எதை நம்பியிருக்கான்? மக்காச்சோளத்தை.

கணக்கு காகிதத்தில் அழகாத்தான் இருந்தது. கஜகஸ்தானிலும் மேற்கு சைபீரியாவிலும் உழவே படாத புல்வெளிகளை உழுது கோதுமை போடுவது. அதனால் உக்ரைனில் ஒழியும் நல்ல நிலத்தில் மக்காச்சோளம் போடுவது. 1954ல் 'கன்னி நிலம்' திட்டம் தொடங்கியது. லட்சக்கணக்கான இளைஞர்கள் ரயிலேறிப் போனார்கள்.

1955ல் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பத்திரிகை ஒன்று, 'எங்க ஊர் விவசாயத்தை வந்து பாருங்க' என்று ரஷ்யர்களுக்குத் தலையங்கத்தில் அழைப்பு வைத்தது. நிஜமாவே வந்துட்டாங்க! வந்த குழுவைத் தன் பண்ணைக்கும் வரவழைத்தவர் ராஸ்வெல் கார்ஸ்ட் என்ற விதை வியாபாரி. கூன் ரேப்பிட்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர். அவரிடம் இருந்தது வீரிய ஒட்டு மக்காச்சோள விதை, நாம கம்பெனி விதைன்னு சொல்றோமே அதன் முன்னோடி. அதே வருடம் அவர் சோவியத் யூனியனுக்குப் போய் குருஷ்சேவைச் சந்தித்து 5,000 டன் விதையை விற்றுவிட்டு வந்தார். ஒருத்தர் முதலாளி, ஒருத்தர் கம்யூனிஸ்ட். மண்ணைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் நேரம் போவது தெரியாதாம். கூட்டுப்பண்ணை ஒன்றில் உரமில்லாமல் விதை போடுவதைப் பார்த்து கார்ஸ்ட் கத்தித் தீர்த்ததை குருஷ்சேவே தன் நினைவுக்குறிப்பில் ரசித்து எழுதியிருக்கிறார்.

1959 செப்டம்பர் 23ஆம் தேதி குருஷ்சேவே கூன் ரேப்பிட்ஸ் வந்தார். கூடவே நூற்றுக்கணக்கில் நிருபர்கள். வயலில் நடக்க விடாமல் மொய்த்த கூட்டத்தின் மேல் கார்ஸ்ட் தீவனத்தை அள்ளி வீசினார், ஒரு நிருபரின் காலில் உதையும் விட்டார். குருஷ்சேவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் படங்களை இணையத்தில் தேடிப் பாருங்க. உலகத்தை அழிக்கிற பொத்தானை வைத்திருந்த மனுசன், கதிரைக் கையில் வாங்கிப் பார்க்கிற முகம் நம்ம ஊர்ப் பெரியவங்க முகம்தான்.

ஆனா அயோவா மாஸ்கோவை விட ரொம்பத் தெற்கே இருக்கிற ஊர். மக்காச்சோளத்துக்கு வெயில் வேணும், உரம் வேணும். உக்ரைனின் தெற்கில் நன்றாகவே வந்தது. நாடு முழுக்கப் போடு என்று மேலிருந்து உத்தரவு வந்ததும், பால்டிக் குளிரிலும் சைபீரியாவிலும் ஊன்றினார்கள். கதிர் பால் பிடிக்கும் முன்பே பனி வந்துவிடும். 1962ல் 3.5 கோடி ஹெக்டேருக்கு மேல் போட்டார்கள். முற்றின கதிர் அறுத்தது அதில் ஒரு சின்னப் பங்குதான். அதைவிட மோசம், காலங்காலமாக மாட்டுக்குப் போட்ட புல், தீவனப் பயிர் எல்லாத்தையும் உழுது அழித்துவிட்டுப் போட்டது. இதுவும் போச்சு, அதுவும் போச்சு.

இங்க வராதுன்னு ஒருத்தரும் சொல்லலையா? சொல்ல முடியவில்லை. சொன்னா என்ன ஆகும், சொல்லாம போனா என்ன ஆகும் என்பதற்கு ரியாசான் கதை போதும்.

மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே இருக்கிற பகுதி ரியாசான். கறி, பால், வெண்ணெயில் அமெரிக்காவைப் பிடிப்போம் என்று 1957ல் குருஷ்சேவ் அறைகூவல் விட்டிருந்தார். ரியாசானின் கட்சிச் செயலாளர் லாரியனோவ், ஒரே வருசத்தில் கறியை மூன்று மடங்கு தருவதாக 1959ல் வாக்குக் கொடுத்தார். ஒரு கன்னுக்குட்டி எத்தனை மாசத்தில் வளரும் என்று மாடு வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். எப்படிக் கொடுத்தார்? கறவை மாடுகளை வெட்டினார்கள். இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த மாடுகளை வெட்டினார்கள். கூட்டுப்பண்ணைக் குடும்பங்கள் வீட்டில் வளர்த்த மாட்டைப் 'பிறகு தருகிறோம்' என்று ஓட்டிப் போனார்கள். அதுவும் போதாமல் பக்கத்துப் பகுதிகளில் போய்க் கறி வாங்கி வந்து தங்கள் கணக்கில் காட்டினார்கள். டிசம்பரில் இலக்கு நிறைவேறியதாக அறிவிப்பு. லாரியனோவுக்கு சோசலிச உழைப்பு வீரர் பட்டம். அடுத்த வருசத்துக்கு இன்னும் பெரிய வாக்குறுதி, 1,80,000 டன்.

தொழுவத்தில் மாடு இருந்தாத்தானே? ஆறில் ஒரு பங்குகூடத் தேறுவது பெரும்பாடாகிவிட்டது. 1960 செப்டம்பரில் லாரியனோவ் தற்கொலை செய்துகொண்டார். அவரைத் திட்டலாம், நானும் திட்டுகிறேன். ஆனா எனக்கு மனசில் நிற்பது, வாசலில் கட்டிய கறவையை அவிழ்த்துக் கொடுத்த பெண்கள்தான்.

1962 ஜூன் 1ல் கறி விலை 30 சதவீதமும் வெண்ணெய் விலை 25 சதவீதமும் ஏறியது. நொவோசெர்காஸ்க் நகரில் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். மறுநாள் துப்பாக்கிச் சூடு. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தொழிலாளர் அரசு தொழிலாளியைச் சுட்ட அந்தச் செய்தியைப் பல வருசம் மூடி வைத்திருந்தார்கள். 1963ல் வறட்சி. உழுது போட்ட கன்னி நிலம் புழுதியாகப் பறந்தது. கனடாவிடமும் ஆஸ்திரேலியாவிடமும், கடைசியில் அமெரிக்காவிடமும் கோதுமை வாங்கினார்கள். கென்னடி அனுமதி கொடுத்தார். 1964 அக்டோபரில் குருஷ்சேவை இறக்கிவிட்டார்கள். அதன்பின் அவர் மாஸ்கோ பக்கம் ஒரு வீட்டில் தோட்டம் போட்டு, தக்காளி வளர்த்துக் காலம் தள்ளினார்.

அப்ப அமெரிக்க விவசாயி ஜெயிச்சானா என்றால், அங்கேயும் கதை நேராக இல்லை. அவனுக்கு விளைச்சல் மிஞ்சியதுதான் தலைவலி. மிஞ்சினதை அரசாங்கம் வாங்கி, 1954ல் போட்ட பி.எல்.480 சட்டத்தில் வெளிநாடுகளுக்குக் கொடுத்தது. உதவியும் அதுதான், கடிவாளமும் அதுதான். 1966ல் நாம் வறட்சியில் தவித்தபோது, வியட்நாம் போரை இந்தியா விமர்சித்த கோபமும் சேர, ஜான்சன் கப்பல்களைக் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் அவிழ்த்துவிட்டார். எங்கப்பா பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட கோதுமை உப்புமாவும் பால்பவுடரும் அந்த உபரிதான். அதே காலத்தில் மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள் மலிவு விலையில் வந்தன. வயிற்றுக்கு ஒருத்தன், தலைக்கு ஒருத்தன்.

1972ல் சோவியத் ஆட்கள் சத்தமில்லாமல் அமெரிக்கக் கம்பெனிகளிடம் ஒரு கோடி டன்னுக்கு மேல் கோதுமை வாங்கினார்கள், அதுவும் அமெரிக்க அரசின் மானியத்தோடு. செய்தி வெளியே தெரிந்ததும் விலை எகிறியது. ஆனா டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் முன்னாடியே அறுத்தவர்கள் சல்லிசாக விற்றுவிட்டிருந்தார்கள். வாங்கின கம்பெனிக்குத் தெரிந்தது விளைவித்தவனுக்குத் தெரியவில்லை.

1980ல் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததற்குத் தண்டனையாக, கார்ட்டர் 1.7 கோடி டன் தானிய ஏற்றுமதியை நிறுத்தினார். அர்ஜென்டினா விற்றது. மாஸ்கோ வாங்கிக்கொண்டது. அயோவாக்காரன் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அடுத்த வருசம் ரீகன் தடையை எடுத்தார். ஆனா போன சந்தை பழையபடி திரும்பவில்லை. வட்டியும் ஏறி, எண்பதுகளில் எத்தனையோ குடும்பப் பண்ணைகள் ஏலத்துக்குப் போயின.

எல்லாத்தையும் கேட்டுவிட்டு அக்கா மகன், "இந்தத் தை மாசம் சோளம் என்ன விலை போகும் மாமா?" என்றான். உக்ரைனில் சண்டை, அர்ஜென்டினாவில் மழை, நாமக்கல்லில் கோழித்தீவனக்காரர்கள் எவ்வளவு இருப்பு வைத்திருக்கிறார்கள், இவ்வளவும் தெரிந்தால் சொல்லலாம். எனக்குத் தெரிந்தது, முளை வந்ததும் படைப்புழு வரும் என்பது மட்டும்தான். காலையில் அவனையும் காட்டுக்குக் கூட்டிப் போகணும்.