இரட்டை விண்மீன்களில் அண்மைக் கோள்கள்

இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றிவர, அவற்றில் ஒன்றை ஒட்டியே வியாழன் அல்லது சனி போன்ற பெருங்கோள் சில நாட்களுக்கு ஒருமுறை வலம்வரும் அமைப்புகள் விண்வெளியில் உண்டு. நம் சூரியக் குடும்பத்தில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. சூரியன் தனி விண்மீன். அதை மிக நெருங்கிச் சுற்றும் புதனுக்கே ஒரு சுற்றுக்கு 88 நாள் பிடிக்கிறது. பெருங்கோள்கள் நான்கும் வெகு தொலைவில் இருக்கின்றன. பெருங்கோள் அவ்வளவு அருகில் எப்படி வந்தது, இரண்டாவது விண்மீனுக்கு அதில் என்ன பங்கு என்பவைதாம் இங்கே எழும் கேள்விகள்.

இரட்டை விண்மீன்களையும் அவற்றின் கோள்களையும் தேடிய வரலாற்றில் தமிழகக் கடற்கரைக்கு உள்ள இடம் நம் பள்ளிப் பாடங்களில் இன்னும் அழுத்தமாகச் சொல்லப்பட வேண்டியது. 1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து வால்மீன் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்த இயேசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ, ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரண்டு விண்மீன்கள் என்று கண்டார். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பம் அதுவே.

அடுத்த நிகழ்வு சென்னையில் நடந்தது. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் எழுப்பிய வானாய்வகத்தின் பொறுப்பில் 1850களில் இருந்தவர் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். வில்லியம் ஹெர்ஷல் 1779இல் இரட்டை என அடையாளம் கண்ட 70 ஓபியூக்கியை அவர் அளந்துவந்தார். சுமார் 16.7 ஒளியாண்டு தொலைவிலுள்ள இந்த விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றிவர 88 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கணக்குப் போட்ட பாதையிலிருந்து அவை சற்று விலகுவதாக அளவீடுகள் காட்டின. கண்ணுக்குப் புலப்படாத கோள் ஒன்று இழுப்பதால் அந்த விலகல் நேர்ந்திருக்கக்கூடும் என்று 1855இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் இதழில் ஜேக்கப் எழுதினார். யுரேனஸின் விலகலைக் கொண்டு நெப்டியூனைக் கண்டுபிடித்து அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று அளவீட்டின் அடிப்படையில் முன்வைக்கப்பட்ட மிகப் பழைய வாதங்களில் ஒன்று இது.

ஆனால் அந்தக் கோள் அங்கே இல்லை. 1890களில் தாமஸ் சீ என்ற அமெரிக்கர் அதே கருத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்; சொல்லப்பட்ட பாதையில் மூன்றாவது பொருள் நிலைத்திருக்க முடியாது என 1899இல் வானியலாளர் ஃபாரஸ்ட் மோல்டன் கணக்கிட்டுக் காட்டினார். பிற்கால அளவீடுகளிலும் கோளுக்கான தடயம் கிடைக்கவில்லை. இருந்தும் ஜேக்கப்பின் முயற்சியைப் பிழையென ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. விண்மீனின் அசைவிலிருந்து காணாத கோளை ஊகிக்கும் அவருடைய வழியில்தான் இன்றும் நூற்றுக்கணக்கான கோள்கள் பிடிபடுகின்றன.

திருச்சி வட்டாரத்தில் 70 ஓபியூக்கியைப் பார்ப்பது எளிது. ஆடிப்பெருக்கு இரவில் ஒன்பதரை மணியளவில், முக்கொம்பு மேலணைக் கரையில் தெற்கு நோக்கி நின்றால், உச்சிக்குச் சற்றே கீழே, விருச்சிகத்துக்கு வெகு மேலே அது இருக்கும். மேகமும் நிலவும் மின்விளக்கும் குறுக்கிடாவிட்டால் வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒரே புள்ளியாகத் தெரியும். சிறிய தொலைநோக்கியே அதை இரண்டாகப் பிரித்துக் காட்டிவிடும்.

ஜேக்கப் தேடியது போன்ற பிற விண்மீன் கோள்கள் பின்னர் மெய்யாகவே கிடைத்தன. 1995இல் 51 பெகாசி என்னும் விண்மீனை 4.2 நாளில் சுற்றும் பெருங்கோளை மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் அறிவித்தபோது 'வெப்ப வியாழன்' என்ற வகை பிறந்தது. மறு ஆண்டே டௌ பூட்டிஸ் என்ற விண்மீன் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதன் கோளுக்கு ஓராண்டு என்பது 3.3 நாள், செங்குறு விண்மீன் ஒன்று அந்த விண்மீனுக்குத் துணை. 2005இல் கண்டறியப்பட்ட எச்டி 189733 பி என்ற கோளின் தாய் விண்மீனுக்கும் அதே வகைத் துணை உண்டு.

பெருங்கோள் விண்மீனுக்கு இவ்வளவு பக்கத்தில் பிறப்பது கடினம் என்றே பலரும் கருதுகின்றனர். தொலைவில் பிறந்து உள்ளே நகர்ந்திருக்க வேண்டும். இளம் விண்மீனைச் சூழ்ந்த வாயுத் தட்டோடு உரசி மெல்ல நகர்வது ஒரு வழி. இன்னொன்றைத் துணை விண்மீன் திறந்துவிடுகிறது. அதன் சுற்றுத்தளம் கோளின் தளத்துக்குப் பெரிதும் சாய்ந்திருந்தால், பல லட்சம் ஆண்டுகளில் கோளின் பாதை நீண்டு நீள்வட்டமாகும். 1960களின் தொடக்கத்தில் சோவியத் அறிஞர் லிடோவும் ஜப்பானின் கோசாயும் தனித்தனியே விளக்கிய விளைவு இது. நீண்ட பாதையில் கோள் ஒவ்வொரு முறையும் விண்மீனை உரசுவதுபோல் நெருங்கும். அப்போது எழும் ஓத விசை ஆற்றலை உறிஞ்ச, பாதை சுருங்கிச் சிறு வட்டமாகிவிடும். எச்டி 80606 பி இந்தப் பயணத்தின் நடுவழியில் இருப்பதாகவே தோன்றுகிறது. 111 நாள் சுற்றில் அது விண்மீனை மிக நெருங்கும்போது இடைவெளி பூமி–சூரியன் தொலைவில் சுமார் 3 விழுக்காடுதான். அதன் தாய் விண்மீனுக்கும் தொலைவில் ஒரு துணை உண்டு.

இத்தகைய கோள்களின் தேடலில் இந்தியாவின் பங்களிப்பு ஒன்று 2025இல் வெளியானது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர், மவுண்ட் ஆபு மலையிலுள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கியிலும் பாரஸ்-2 என்ற நிறமாலைமானியிலும் அளந்து, டிஓஐ-6038ஏ பி என்ற கோளை உறுதி செய்தனர். தொலைவு 578 ஒளியாண்டு. நிறை பூமியைப்போல் 78.5 மடங்கு, ஆரம் 6.4 மடங்கு, சனியைவிட இலேசு, ஆனால் அதைவிட இரு மடங்குக்கும் மேல் அடர்த்தி. சுற்றுக்காலம் 5.83 நாள், விண்மீனிலிருந்து இடைவெளி சுமார் ஒரு கோடி கிலோமீட்டர். துணை விண்மீனோ பூமி–சூரியன் தொலைவைப்போல் 3,200 மடங்குக்கு அப்பால் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு அதற்கு ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகலாம். கோளின் பாதை இப்போது ஏறத்தாழ வட்டம். அதை உள்ளே கொண்டுவந்தது வாயுத் தட்டா, ஓத விசையா என்பது முடிவாகவில்லை. விண்மீனின் சுழல் அச்சுக்குக் கோளின் பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளப்பது இதற்கு முக்கியமான தடயமாக அமையும்.