மஞ்சள் கோடும் மலைமேல் வந்தவரும்

திண்டுக்கல் கோட்டைப் பாறைமேல் நின்று மேற்கே நோக்கினால், சமவெளிக்கு அப்பால் பழனி மலைத்தொடர் நீலச் சுவர்போல் எழுந்து நிற்கக் காணலாம். அம்மலைமேல் 1899-ஆம் ஆண்டில் அமைந்தது கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையம். அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 1985 முதல் திண்டுக்கல் மாவட்டத்தது. அந்நிலையத்தின் பெயரைச் சொன்னதும் அறிஞர்கள் எவர்ஷெட்டை நினைவுகூர்வர். கதிரவனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் அங்கே கண்டவர் அவர். அவருக்குத் துணையாக 1911-இல் வந்து சேர்ந்த தாமஸ் ராய்ட்ஸைப் பற்றிப் பேசுவோர் அரியர். அணுவின் வரலாற்றிலேயே இடம்பெற்ற ஒருவரை நாம் மறந்திருப்பது வியப்பே.

கதையின் தொடக்கம் குண்டூரில். 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின்போது, பிரெஞ்சு அறிஞர் ஜான்சென், கதிரவன் விளிம்பில் எழுந்த பிழம்பின் ஒளியை நிறமாலைக் கருவியால் பிரித்து நோக்கினார். தனித்தனி ஒளிக்கோடுகள் தோன்றின. அவற்றுள் ஒன்று மஞ்சள் நிறம். அதனைச் சோடியத்தின் கோடென்றே முதலில் கருதினர். ஆனால், அது சற்றே விலகி நின்றது. அது மண்ணுலகில் அறியப்படாத பொருளினது என்று துணிந்தார் ஆங்கில அறிஞர் லாக்கியர். கதிரவனுக்குரிய கிரேக்கச் சொல்லால் அப்பொருள் ஹீலியம் எனப்பட்டது. அதனைப் பூமியில் ராம்சே கண்டெடுத்தது 1895-இல்தான்.

இனி மான்செஸ்டருக்குச் செல்வோம். ரேடியம் முதலியவை வீசும் ஆல்பா துகள் யாது என்னும் வினாவுக்கு ரூதர்போர்டும் இளைஞர் ராய்ட்ஸும் விடை தேடினர். மிகமிக மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரேடியத்தினின்று பிறக்கும் வாயுவை அடைத்தனர். வாயு வெளியேறாது, விரைந்து பாயும் ஆல்பா துகள் மட்டும் சுவரைத் துளைத்துச் செல்லும். சுற்றிலும் காற்றகற்றிய மற்றொரு குழாய். அதில் சேர்ந்ததைப் பாதரசத்தால் நெருக்கி மின்சாரம் பாய்ச்சினர். இரண்டு நாளில் மங்கலாக அந்த மஞ்சள் கோடு! ஆறு நாளில் ஏறத்தாழ ஹீலியம் நிறமாலை முழுவதும். சுவரில் கசிவிருக்குமோ என்ற ஐயத்தையும் விடவில்லை. உள்குழாயில் ஹீலியத்தையே அடைத்துப் பார்த்தனர். அது வெளிவரவில்லை. இரண்டு எலெக்ட்ரான்களைப் பற்றிக்கொண்ட ஆல்பா துகளே ஹீலியம் என்பது 1909-இல் உறுதியாயிற்று.

அணுவின் நடுவே அணுக்கரு உண்டென ரூதர்போர்டு அறிவித்த 1911-ஆம் ஆண்டிலேயே ராய்ட்ஸ் கோடைக்கானல் வந்துவிட்டார். அடுத்த ஆண்டு மான்செஸ்டர் வந்தார் நீல்ஸ் போர். எலெக்ட்ரான் குறித்த ஆற்றல் படிகளிலேயே நிற்கும். மேற்படியினின்று கீழ்ப்படிக்கு இறங்கும்போது, இடைப்பட்ட ஆற்றலை ஒளியாக விடும். ஆதலால்தான் கோடுகள் என்று 1913-இல் விளக்கியவர் போர். ஆயினும், ஓர் எலெக்ட்ரானுடைய ஹைட்ரஜனுக்குப் பொருந்திய அவ்விளக்கம், இரண்டு எலெக்ட்ரானுடைய ஹீலியத்திடம் தோற்றது.

மலைமேல் ராய்ட்ஸ் செய்த பணி ஆரவாரமற்றது. கதிரவன் ஒளியில் இரும்பின் கோடுகள், ஆய்வுக்கூடத்து இரும்பின் கோடுகளினின்று எவ்வளவு இடம் பெயர்ந்துள்ளன என்று எவர்ஷெட்டுடன் அளந்துவந்தார். 1923-இல் நிலையத்தின் தலைமையை ஏற்றார். ஹீலியத்தின் கோடுகளைப் புதிய குவாண்டம் இயக்கவியலால் ஹைசன்பர்க் விளக்கியது 1926-இல். மஞ்சள் கோட்டின் புதிர் அவ்வாறு அவிழ்ந்தபோது ராய்ட்ஸ் கோடைக்கானலில்தான் இருந்தார். 1937 வரை அந்நிலையத்தை நடத்தினார்.