பவுண்டுக்கு மூன்று பென்ஸ்

எந்த ஊர் மன்றத்தைப் பற்றி யார் பெருமையாகப் பேசினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: வரி போட அதிகாரம் உண்டா, எதுவரை? ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் காலமெல்லாம் குப்பை கொட்டியவனுக்கு வேறு கேள்வி தோன்றாது. மகள் வீட்டில் தங்கலாம் என்று இங்கிலாந்து வந்த இடத்திலும் அந்தப் புத்தி போகவில்லை. வார்விக்‌ஷயரில் ஒரு கிராமம். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிக் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகையில் பாரிஷ் கவுன்சில் கூட்டத்தின் அஜெண்டா ஒட்டியிருந்தது. கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்னதாக ஒட்டியாக வேண்டும் என்பது சட்டம். “பேப்பர் படிக்கிற மாதிரி அதைப் போய்ப் படிக்கிறீங்களே அப்பா” என்று மகள் சிரித்தாள். படிக்கப் படிக்க, இந்த பாரிஷின் பூர்வோத்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது.

பாரிஷ் என்பது முதலில் ஒரு தேவாலயத்தின் எல்லை, அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் தேவாலயத்தில் பாதிரியார் அங்கி மாட்டும் அறையில் கூடிப் பேசினார்கள். அந்தக் கூட்டத்துக்கு வெஸ்ட்ரி என்று பெயர். தலைமை நாற்காலி பாதிரியாருக்கு. ஊரைப் பராமரிக்கத் தனி ஆள் போடாமல், இந்தக் கோயில் கூட்டத்தின் தலையிலேயே அரசாங்கம் ஒவ்வொன்றாக வேலையைச் சுமத்தியது. 1555இல் சாலை வந்தது: ஊரார் வருஷத்துக்கு நான்கு நாள் கூலியில்லாமல் சாலை வேலை செய்ய வேண்டும், சில வருஷங்களில் அது ஆறு நாளாயிற்று. 1601இல் ஏழைகளின் பராமரிப்பு வந்தது. மாஜிஸ்திரேட்டுகள் ஊருக்கு ஊர் மேற்பார்வையாளர்களை நியமித்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வீட்டுக்கு வீடு ஏழை வரி வசூலித்து, விதவைக்கும் முடவனுக்கும் ரொட்டிக்காசு கொடுத்து, வருஷக் கடைசியில் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

உள்ளூராட்சி என்றாலே ஈரமனசு என்று நம்புகிறவர்கள் அந்தக் காலத்துக் கதையைக் கொஞ்சம் படிக்க வேண்டும். ஏழை எந்த ஊர்க்காரனோ அந்த ஊர்தான் அவனுக்குப் படியளக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு ஊரும் வந்தேறிகளைத் துரத்துவதில் கண்ணாயிருந்தது. 1662 சட்டப்படி, வருஷத்துக்குப் பத்து பவுண்டுக்குக் குறைவான வாடகையில் குடிவந்தவனை, பின்னால் வரிப்பணத்துக்குப் பாரமாவான் என்று தோன்றினால், நாற்பது நாளுக்குள் புகார் செய்து திருப்பி அனுப்பலாம். கல்யாணமாகாத கர்ப்பிணியை வலி எடுக்கும் முன்பே எல்லை தாண்டி விட்டுவிட்டு வருவார்கள். பிள்ளை எந்த மண்ணில் பிறக்கிறதோ அந்த ஊர் கணக்கில் ஏறிவிடுமே! 1697இல், உதவி வாங்குகிறவர்கள் வலது தோளில் ஊரின் முதலெழுத்தோடு ‘பி’ என்ற எழுத்தையும் துணியில் வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். வரி கொடுப்பவனும் அதில் சாப்பிடுபவனும் ஒரே தெருவில் இருந்தால் தர்மம் தானாக வளரும் என்பதை நான் நம்புவதில்லை. நம் பக்கத்திலும் முதியோர் ஓய்வூதியப் பட்டியல் தயாரான விதத்தை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

வெஸ்ட்ரியில் யார் கை ஓங்கியிருந்தது என்பதற்கு 1818 சட்டமே சாட்சி. சொத்து மதிப்பு கூடக் கூட வாக்கும் கூடும்; ஒரே ஆள் ஆறு வாக்குவரை போடலாம். பண்ணையாரும் பாதிரியாரும் ஒரு பக்கம் சாய்ந்தால் மற்றவர்கள் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1834இல் ஏழைப் பராமரிப்பும் ஊரின் கையை விட்டுப் போயிற்று. பல பாரிஷ்களை ஒன்றாகக் கட்டி, அவற்றுக்கென்று ஏழை விடுதிகளை எழுப்பினார்கள். வெஸ்ட்ரியில் மிஞ்சியது சில்லறை வேலை.

நமக்குச் சம்பந்தப்பட்ட ஒரு வேடிக்கை இங்கே உண்டு. 1882இல் ரிப்பன் பிரபு இந்தியாவுக்கு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார். 1884இல் சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டமும் வந்தது. அப்போது அவருடைய சொந்த நாட்டுக் கிராமத்துக்கே, எல்லாரும் சமமாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றம் கிடையாது. அது வர 1894 ஆகவேண்டியிருந்தது. அதைக் கொண்டுவந்த பிரதமர் கிளாட்ஸ்டனின் அமைச்சரவையில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக ரிப்பனும் இருந்தார்.

மசோதாவை மக்கள் சபையில் நடத்திச் சென்றவர் ஹென்றி ஃபவுலர். பிரபுக்கள் சபை அதைக் கண்டபடி திருத்தி அனுப்பியது. 1894 மார்ச் 1ஆம் தேதி, எண்பத்து நான்கு வயது கிளாட்ஸ்டன் எழுந்து, சட்டம் பிழைத்தால் போதுமென்று திருத்தங்களை ஏற்றுக்கொண்டு, பிரபுக்களைக் கடுமையாக எச்சரித்துவிட்டு உட்கார்ந்தார். சபையில் அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட பாராளுமன்ற வாழ்க்கை ஊர் மன்றச் சட்டத்தோடு முடிந்திருக்கிறது.

அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குக் கிராமம் தெரிந்திருந்தது. 300 பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஊருக்கு கவுன்சில். சிறிய ஊர்களில் வாக்காளர் எல்லாரும் கூடும் பாரிஷ் கூட்டமே போதும். ஒருவருக்கு ஒரு வாக்கு. பெண்கள், கல்யாணமானவர்கள் உட்பட, வாக்களிக்கலாம், நிற்கலாம். பாராளுமன்றத் தேர்தலில் பெண்ணுக்கு வாக்கு வர இன்னும் 24 வருஷம் இருந்தது. பாரிஷ் கூட்டம் மாலை ஆறு மணிக்கு முன் தொடங்கக் கூடாது. பண்ணை ஆள் வேலை முடித்து வர வேண்டாமா? வேறு இடமே இல்லையென்றால் தவிர மதுக்கடையில் கூடக் கூடாது. இந்த இரண்டு விதியும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

ஓட்டை ஒன்றும் விட்டார்கள். 1894 டிசம்பரில் நடந்த முதல் தேர்தலில் கை தூக்கித்தான் வாக்களிப்பு. யாராவது வற்புறுத்திக் கேட்டால் மட்டும் வாக்குச்சீட்டு. தான் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரரான பண்ணையார் எதிரே உட்கார்ந்திருக்க, கூலியாள் அவருக்கு எதிராகக் கை தூக்க வேண்டும். அப்படியும் தூக்கியவர்கள் இருந்தார்கள். இந்த வழக்கம் 1940கள்வரை நீடித்தது.

இனி என் கேள்விக்கு வருகிறேன். வரி? பவுண்டுக்கு மூன்று பென்ஸ். பாரிஷ் கூட்டத்தின் சம்மதம் இல்லாமல் அதற்கு மேல் போகக் கூடாது. சம்மதம் கிடைத்தாலும் ஆறு பென்ஸோடு சரி. ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ் இருந்த காலம். ஊரின் சொத்து மதிப்பு 2,000 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் மூன்று பென்ஸ் வீதம் வருஷத்துக்கு 25 பவுண்டு. ஒரு பண்ணையாளின் வருஷக் கூலியைவிடக் குறைவு! இதில் எழுத்தருக்குக் கொடுத்து, மிச்சத்தில் ஊர் வேலையும் பார்க்க வேண்டும். நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கல்லாவைப் பூட்டிக்கொள்ளும் இந்த வித்தை எனக்குப் பழக்கமானது.

பணம் கேட்காத இடத்தில்தான் கவுன்சில் சாதித்தது: காய்கறி பயிரிடத் துண்டு நிலம். கூலியாட்களின் நெடுநாள் ஆசை அது. நிலம் தர மறுத்தால் கட்டாயமாகக் குத்தகைக்கு எடுக்க 1894 சட்டம் வழிவிட்டது. 1908 சட்டத்தின்படி ஆறு வாக்காளர் சேர்ந்து கேட்டால் கவுன்சில் அந்தக் கோரிக்கையைக் கவனித்தே ஆக வேண்டும். இன்றைக்கும் ஆறு வாக்காளர் நினைத்தால் பாரிஷ் கூட்டத்தையே கூட்டலாம். தலைவர் தயவு வேண்டாம்.

அப்புறம் வெகுகாலம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1972 சட்டம், 1974 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது, மேலே இருந்த ஊரக மாவட்டக் கவுன்சில்களை அடியோடு கலைத்தது. பாரிஷை மட்டும் தொடவில்லை. லண்டனில் 1963 சட்டம் பாரிஷுக்கு இடம் தரவில்லை; 2007இல் தடை நீங்கி, 2014இல் குவீன்ஸ் பார்க்கில் முதல் கவுன்சில் வந்தது. மூன்று பென்ஸ் பூட்டும் போய்விட்டது. தனக்கு வேண்டிய தொகையை கவுன்சில் சொல்லிவிட்டால் மேல் மன்றம் தன் வரியோடு சேர்த்து வசூலித்துக் கொடுத்துவிடும். இன்று இங்கிலாந்தில் சுமார் 10,000 ஊர் மன்றங்கள். ஒரு பவுண்டுக்குப் பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வாங்கி, அதில் புத்தகமோ மாரடைப்புக்கான கருவியோ வைத்திருக்கும் மன்றங்கள் ஏராளம். 2020 டிசம்பரில் ஜூமில் கூடிச் சண்டை போட்டு உலகப் புகழ் பெற்றது செஷயரின் ஹேண்ட்ஃபோர்த் கவுன்சில். தலைவரையே கூட்டத்திலிருந்து வெளியே நிறுத்தினார், எழுத்தர் வேலை பார்க்க வந்திருந்த ஜாக்கி வீவர். நம் கிராமசபை பார்த்தவர்களுக்கு அது சாதாரணச் சண்டை.

வார்விக்‌ஷயர் கூட்டத்தில் பின்வரிசையில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். நாய்க் கழிவுப் பெட்டியை எங்கே நடுவது என்பதில் பாதி மாலை போயிற்று. வெளியூர்க்காரனான என்னை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. மக்கள் உட்கார்ந்து பார்க்கும் அந்த உரிமை 1960 சட்டத்தில் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அப்போது புது உறுப்பினராக இருந்த மார்கரெட் தாட்சர். கோடையில் முப்பது வேலைநாள் கணக்குப் புத்தகத்தையும் ரசீதுகளையும் மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும் என்பதும் விதி. அலுவலகத்துக்குத் தணிக்கை வரும் நாளில் ரசீது தேடி அலைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

2024 டிசம்பரில் வந்த வெள்ளை அறிக்கை, இன்னும் மிச்சமிருக்கும் மாவட்டக் கவுன்சில்களையும் பெரிய மன்றங்களாக இணைத்துவிடச் சொல்கிறது. அப்படி நடந்தால் பூங்காவும் பொதுக்கழிப்பறையும் பாரிஷின் தலையில்தான் வந்து விழும். வேலையோடு பணமும் வருகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் தமிழராகவும் இருக்கலாம். இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், முறையான அனுமதியோடு அங்கே குடியிருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தால் வேட்பாளராகவும் நிற்கலாம். வயது 18 ஆகியிருக்க வேண்டும், ஒரு வருஷமாக அந்த பாரிஷிலோ அதிலிருந்து மூன்று மைலுக்குள்ளோ குடியிருந்தால் போதும். பல ஊர்களில் இடங்கள் போட்டியில்லாமல் நிரம்புகின்றன. சில இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. உங்கள் ஊர்ப் பலகையில் காலியிட அறிவிப்பைப் பார்த்தால் தாண்டிப் போகாதீர்கள், எழுத்தருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.