ஒளிஞ்சு கும்பிட்டவங்க, இடிச்சுட்டுக் கும்பிட்டவங்க

போன வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. ஜப்பான்ல ஒளிஞ்சு வாழ்ந்த கிறிஸ்தவர்களைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன், நிறுத்தும்போது ராத்திரி ரெண்டு மணி.

முதல்ல எல்லாருக்கும் பிடிச்ச பாதி. நம்ம முத்துக்குளித்துறையில வேதம் சொன்ன அதே பிரான்சிஸ் சவேரியார்தான் 1549-ல ககோஷிமாவுல போய் இறங்கினார். 1614-ல நாடு முழுக்க கிறிஸ்தவத்துக்குத் தடை. நாகசாகியில வருஷா வருஷம் ஜனங்களைக் கூப்பிட்டு, ஏசு இல்லேன்னா மாதா உருவம் பொறிச்ச தகட்டை மிதிக்கச் சொல்வாங்க. மறுத்தா கைது, சித்திரவதை. 1644-ல மிச்சமிருந்த கடைசிப் பாதிரியாரையும் கொன்னுட்டாங்க.

அதுக்கப்புறம் 200 வருஷத்துக்கு மேல பாதிரியார் இல்லை, கோயில் இல்லை, அச்சடிச்ச புஸ்தகம் இல்லை. ஊர்ல ஒருத்தரே ஞானஸ்நானம் கொடுப்பார். ஜெபம் எல்லாம் வாய்வழிதான். கன்னோன்ங்கிற பௌத்த தெய்வச் சிலையை வீட்ல வெச்சு, மனசுக்குள்ள மாதாவா கும்பிட்டாங்க. 1865 மார்ச் 17 அன்னிக்கு, வெளிநாட்டுக்காரங்களுக்காக நாகசாகியில கட்டின ஊரா தேவாலயத்துக்கு உரகாமி கிராமத்துலேர்ந்து கொஞ்சம் பேர் வந்தாங்க. அதுல ஒரு அம்மா பிரெஞ்சுப் பாதிரியார் பெத்திழான் கிட்ட வந்து, எங்க மனசும் உங்க மனசும் ஒண்ணுதான், மாதா சிலை எங்க இருக்குன்னு மெதுவா கேட்டாங்களாம். படிக்கும்போது எனக்குப் புல்லரிச்சுது.

இத்தோட நிறுத்தலாம். நிறைய பேர் நிறுத்திடறாங்க. ஆனா தடை வந்ததுக்கு முன்னாடி ஒரு கதை இருக்கே!

ஓமுரா சுமிதாதான்னு ஒரு குறுநில மன்னர். 1563-ல ஞானஸ்நானம் வாங்கினார். 1574-ல தன் நாட்டு ஜனங்க மொத்தமும் மதம் மாறணும்னு உத்தரவு போட்டார். புத்த விகாரங்களும் ஷிண்டோ கோயில்களும் இடிஞ்சுது, எரிஞ்சுது. ஏசு சபைப் பாதிரியார்கள் தடுக்கலை, தூண்டினாங்கன்னே சொல்லணும். 1580-ல நாகசாகியையே அவங்க கையில கொடுத்தார். 1587-ல ஹிதேயோஷி பாதிரியார்களை வெளியேறச் சொன்ன ஆணையில, கோயில்களை இடிச்சதையும் ஒரு குத்தமா எழுதியிருக்கு. ஹிதேயோஷி ஒண்ணும் மத நல்லிணக்கவாதி இல்லைங்க. தன் அதிகாரத்துக்குப் போட்டி வந்துடுமோங்கிற பயமும் அவருக்கு இருந்தது. ஆனா அந்தக் குத்தச்சாட்டு பொய்யில்லை.

சுமிதாதா அதே 1587-ல நோயில போய்ச் சேர்ந்துட்டார். பில் வந்தது வேற ஆளுங்களுக்கு. 1597-ல நாகசாகிக் குன்றுல சிலுவையில அறைஞ்சு கொன்ன 26 பேர்ல, லூயிஸ் இபராகிங்கிற 12 வயசுப் பையன் ஒருத்தன். நம்ம மும்பை பக்கத்து வசையில பிறந்த கொன்சாலோ கார்சியா இன்னொருத்தர். இன்னொரு வேடிக்கை, தடைக்காலத்துல ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்த விகாரத்துல பேரைப் பதியணும். தாத்தா காலத்துல இடிச்ச அதே விகாரங்களோட பதிவேடுதான் பேரனுக்கு மறைவிடம்.

1867-ல உரகாமி ஜனங்க, இனிமே விகாரத்து முறையில சவ அடக்கம் வேண்டாம், நாங்களே செஞ்சுக்கறோம்னு வெளிப்படையா சொன்னாங்க. சுமார் 3,400 பேரை நாடு கடத்தி, ஊர் ஊரா பிரிச்சு அடைச்சாங்க. 600 பேருக்கு மேல செத்தாங்க. மேல்நாடுகளோட நெருக்கடியால 1873-ல தடைப் பலகைகளை எடுத்த பிறகுதான் மத்தவங்க ஊர் திரும்பினாங்க.

திரும்பி வந்தவங்க தேவாலயம் கட்ட எடுத்த இடம், ஊர்த்தலைவரோட பழைய வீட்டு மனை. அவங்க முன்னோரை வரிசையில நிக்க வெச்சு தகட்டை மிதிக்க வெச்ச அதே வீடு. அதை அவங்க பிடுங்கலை, கொளுத்தலை. காசு சேர்த்து விலைக்கு வாங்கினாங்க.