கஃபே மரோன்: ஒற்றை மரமாக எஞ்சிய இனம்

கஃபே மரோன் என்பது மொரிசியசு நாட்டைச் சேர்ந்த ரொட்ரீகசு தீவுக்கே உரிய, காப்பிக் குடும்பச் சிறுமரமாகும். 'காட்டுக் காப்பி' என்பது இப்பெயரின் பொருள். 1874-இல் வெள்ளி இடைநகர்வை ஆராய வந்த குழுவின் தாவரவியலாளர் ஐசக் பெய்லி பால்ஃபோர் இதனைப் பதிவு செய்தார். அப்போதே தீயாலும் கால்நடைகளாலும் தீவின் காடுகள் பெரிதும் அழிந்திருந்தன. பிற்காலத்தில் இம்மரமும் அற்றுப்போனதாகவே கருதப்பட்டது.

1980 அளவில் ஆசிரியர் ஒருவர் உள்ளூர்ச் செடிகளைத் தேடிவருமாறு மாணவர்களை அனுப்பினார். ஒரு சிறுவன் கொண்டுவந்த கிளை கஃபே மரோன் என்று இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் உறுதியானது. மரம் நின்றது அடர்காட்டில் அன்று, சாலையோரத்தில்!

செய்தி பரவியதும் புதிய ஆபத்து வந்தது. மது மயக்கத்துக்கும் பால்வினை நோய்க்கும் இது மருந்து என நம்பிய மக்கள் கிளைகளை ஒடித்துச் சென்றனர். வேலி போட்டபின் மரத்தின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. ஒன்றுக்குமேல் வேலிகள் தேவைப்பட்டன.

1986-இல் சில போத்துகள் வானூர்தியில் கியூவுக்கு அனுப்பப்பட்டன. ஒன்று மட்டும் வேர்விட்டது. அதிலிருந்து பெருக்கிய செடிகள் யாவும் ஒரே மரத்தின் படிகள். ஆதலால் ஆண்டுக்கணக்கில் பூத்தும் காய்க்கவில்லை. 2003-இல் கார்லோசு மக்தலேனா என்ற தோட்டக்கலைஞர் சூலக முடியை வெட்டிவிட்டு, வெட்டுவாயில் மகரந்தத்தைத் தடவிப் பார்த்தார். பலமுறை முயன்றபின் ஒரு காய் பிடித்தது. விதைகளும் கிடைத்தன. அதன்பின் வளர்க்கப்பட்ட நாற்றுகள் ரொட்ரீகசுக்கே திரும்பிச் சென்றன.