கண்ணை மறைத்த சட்டம்

2001-ஆம் ஆண்டின் கடைசியில் ‘இல்-2 ஸ்டர்மோவிக்’ என்ற போர் விமான சிமுலேட்டர் கடைக்கு வந்தது. உருவாக்கியவர்கள் மாஸ்கோவைச் சேர்ந்த ஓலெக் மாடாக்ஸும் அவருடைய குழுவும். இரண்டாம் உலகப் போரின் கிழக்குப் போர்முனையை அவ்வளவு நுணுக்கமாக வீட்டுக் கணினியில் அதுவரை யாரும் காட்டியதில்லை. ஆனால் அந்தத் தொடரில் ஜெர்மானியரின் ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தில் ஏறியவர்களுக்குத் தீராத மனக்குறை ஒன்று இருந்தது. முன்கண்ணாடியின் அடியில் படுத்துக் கிடந்த சட்டம், குறிபார்க்கும் வட்டத்தின் கீழ்ப்பகுதியை விழுங்கிவிட்டது.

சட்டம் சிறியதுதான். ஆனால் அது மறைத்த இடம்தான் உயிர்நாடி. வளைந்து திரும்பும் எதிரியைச் சுட வேண்டுமானால் அவன் இருக்கும் இடத்தைச் சுட்டுப் பயனில்லை, அவன் வந்து சேரப்போகும் இடத்தைச் சுட வேண்டும். அதற்காக மூக்கை அவனுக்கு முன்னால் கொண்டுபோய்ப் பிடித்ததும் அவன் குறிவட்டத்துக்குக் கீழே இறங்கிவிடுவான். அங்கேதான் சட்டம் கிடந்தது. விசையை அழுத்தும் நொடியில் எதிரியைக் காணோம்.

இதைப் பற்றிய வாக்குவாதம் ரசிகர்களிடையே வருடக்கணக்கில் நடந்தது. ஒரு தரப்பு விமானத்தின் வரைபடத்தை விரித்துவைத்து, சட்டத்தின் அளவு மில்லிமீட்டர் பிசகாமல் சரிதான் என்றது. மறுதரப்பு வரலாற்றைக் காட்டியது. 1942 ஜூன் 23 அன்று ஆர்மின் ஃபாபர் என்ற ஜெர்மன் விமானி வழிதவறி, வேல்ஸில் இருந்த பெம்ப்ரே விமானத்தளத்தில் தன் 190-ஐ இறக்கிவிட்டார். பிரிட்டிஷ் விமானப்படைக்கு அலுங்காமல் குலுங்காமல் முழு விமானம் கிடைத்தது. அதை ஓட்டிப் பார்த்தவர்கள் அதன் பார்வை வசதியை மனமாரப் புகழ்ந்தார்கள். அப்படியானால் சிமுலேட்டரில் மட்டும் அது ஏன் இப்படிக் குருடாக இருக்கிறது?

இரண்டு தரப்பும் சொன்னது உண்மை. விட்டுப்போனது கண்ணாடி. 190-இன் முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர் தடிமன் உள்ள குண்டு துளைக்காத கண்ணாடி. அதை நன்றாகச் சாய்த்துப் பொருத்தியிருந்தார்கள். சாய்ந்த தடித்த கண்ணாடிக்குள் நுழையும் ஒளி வளைந்து, கொஞ்சம் இடம் தள்ளித்தான் வெளியே வரும். குளத்தில் இறங்கி நிற்பவருக்குத் தன் கால் குட்டையாகத் தெரிவதும் இதே ஒளிமுறிவால்தான். 190-இல் விமானியின் பார்வைக்கோடு அப்படி நகர்ந்ததால், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சட்டத்தின் பெரும்பகுதி கண்ணுக்குப் படாமலே போனது. சிமுலேட்டரோ ஒளியை நேர்கோட்டில் விட்டது. சட்டம் அளவு பிசகாமல் இருந்தது, கண்ணாடிதான் வெறும் காற்றாக இருந்தது.

காக்பிட்டில் உட்கார்ந்தவருக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்ற கேள்வி கணினிக்கு வெகு முந்தியது. 1914-18 போரில் திறந்த காக்பிட்டில் பறந்தவர்கள் கழுத்தில் பட்டுத்துணி சுற்றிக்கொண்டது அழகுக்காக மட்டும் அல்ல. ஓயாமல் பின்னால் திரும்பிப் பார்த்ததில் முரட்டுக் காலர் உரசிக் கழுத்து புண்ணாகிவிடும். அடுத்த போரை ஒட்டி ஸ்பிட்ஃபயரின் தட்டையான கண்ணாடி மூடியை வெளிப்பக்கம் உப்பச்செய்தார்கள், தலையைக் கொஞ்சம் வெளியே தள்ளிப் பின்னால் பார்க்கலாம் என்பதற்காக. மஸ்டாங்கின் பி-51டி வகைக்கு முதுகையே வெட்டி இறக்கி, நீர்க்குமிழி போன்ற மூடியை வைத்தார்கள். எஃப்-16 வடிவமைப்பில் இருக்கையை 30 டிகிரி சாய்த்து, பக்கவாட்டில் 40 டிகிரி வரை கீழே பார்க்கும்படி செய்தார்கள். பார்வையின் ஒவ்வொரு டிகிரிக்கும் விமானம் கட்டியவர்கள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். அதைத் திரையில் காட்ட வந்தவர்களின் பாடு இதற்குக் குறைந்தது அல்ல.

தொடக்ககாலச் சிமுலேட்டரில் ஜன்னலே கிடையாது. நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டன் நகரில் எட்வின் லிங்க், தன் குடும்பத் தொழிலான ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே 1929-இல் ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்தார். அதன் முதல் விலைபோன இடம் பொழுதுபோக்குப் பூங்கா. 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமந்து மோசமான வானிலையில் பறந்து அடுத்தடுத்து இறந்தபிறகே ராணுவம் அதை வாங்கியது. உள்ளே உட்காரவைத்து மூடியை இழுத்துவிட்டால் வெளியுலகம் இருட்டு. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கக் கற்பதற்கு அதுவே போதும். சண்டைக்குப் போதாது.

சண்டையைத் திரைக்குக் கொண்டுவந்தவர் சினிமாக்காரர். ஃபிரெட் வாலர் பாரமவுண்ட் நிறுவனத்தில் தந்திரக் காட்சிகள் எடுத்தவர், நீர்ச்சறுக்குப் பலகைக்குக் காப்புரிமை வாங்கியவரும்கூட. சாதாரணத் திரைப்படத்தில் ஏன் ஆழம் தெரிவதில்லை என்ற கேள்வி அவரை விடாமல் துரத்தியது. இரண்டு கண் மட்டும் காரணம் அல்ல, ஓரக்கண்ணில் படுவதும் சேர்ந்துதான் நாம் அந்த இடத்தில் இருக்கிறோம் என்ற உணர்வைத் தருகிறது என்று கண்டுகொண்டார். போர் வந்தபோது அந்த எண்ணத்தை விமானத் துப்பாக்கி வீரர்களுக்கான பயிற்சிக்கூடமாக மாற்றினார். கோளத்தின் உட்புறம் போல வளைந்த திரை, ஐந்து புரொஜெக்டர்கள், எதிரே நான்கு பேருக்குத் துப்பாக்கிகள். ஐந்து கேமராக்களால் எடுத்த விமானங்கள் தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் பாய்ந்து வரும். சுட்டது பட்டால் காதில் ஒலி கேட்கும்.

போர் முடிந்ததும் வாலர் ஐந்தை மூன்றாகக் குறைத்தார். 1952 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்கில் ‘சினிரமா’ பிறந்தது. திரையின் அகலம் 146 டிகிரி. ரோலர் கோஸ்டர் காட்சியில் மக்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். அகலத்திரை சினிமா அலையைக் கிளப்பிவிட்ட இந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு போர்ப் பயிற்சி எந்திரம் தாய்வீடு என்பதைச் சினிமா ரசிகர்களுக்கு அதிகம் சொல்வதில்லை. சொல்லப்பட வேண்டிய கதை இது.

எழுபதுகளில் ராணுவங்கள் பணத்தைக் கொட்டின. நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் 40 அடி விட்டமுள்ள இரண்டு கோளங்களைக் கட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு காக்பிட்டை வைத்தார்கள். அரிசோனா விமானத்தளங்களில் ஐங்கோணத் திரைகளை ஒட்டவைத்து விமானியைச் சுற்றி மூடினார்கள். இவற்றில் கோளம்தான் கவனிக்க வேண்டியது. அதன் சுவர் முழுக்க வானத்தையும் தரையையும் மங்கலாகக் காட்டினால் போதும் என்று விட்டுவிட்டு, எதிரி விமானத்தை மட்டும் தனிப் புரொஜெக்டர் ஒன்றால் பளிச்சென்று காட்டினார்கள். கண்ணின் சுபாவம் தெரிந்தவர்கள் செய்த வேலை. மனிதக் கண் பக்கவாட்டில் சுமார் 200 டிகிரி விரிந்து பார்க்கும் என்றாலும், அதில் கூர்மையாகத் தெரிவது நடுவில் உள்ள இரண்டு டிகிரி அளவுதான். கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கினால் நகம் மறைக்கும் இடம் அவ்வளவுதான்.

வீட்டுக்காரருக்குக் கோளம் ஏது? புரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் கணினிக்கு எழுதிய முதல் ‘ஃப்ளைட் சிமுலேட்டர்’ விளையாட்டிலேயே முதல் உலகப் போர்ச் சண்டை ஒன்று இருந்தது. அதில் எதிரி சில கோடுகள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேஜைமேல் இருந்த 14 அங்குலத் திரை, கண்ணில் ஏறத்தாழ 30 டிகிரியை அடைத்துக்கொள்ளும். அதிலும் கீழ்ப்பாதியைக் கருவிப்பலகை எடுத்துக்கொண்டது. இடப்பக்கம் பார்க்க ஒரு விசை, வலப்பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று. ஆல்பத்தின் படங்களைப் புரட்டுவதுபோல வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது. 1991-இல் வந்த ‘ஃபால்கன் 3.0’ எதிரிமேல் பார்வையைப் பூட்டிவைக்கும் வசதியைத் தந்தது. கணினியே கழுத்தைத் திருப்பிக் கொடுத்தது. வசதிதான். ஆனால் எதிரியைத் தொலைத்துவிட்டு வயிறு கலங்கத் தேடுவது வான் சண்டையின் பாதி, அந்தப் பாதி இதனால் காணாமல் போனது.

எத்தனை டிகிரி காட்டினால் உண்மையாக இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இன்றைய 24 அங்குலத் திரையின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது கண்ணில் 48 டிகிரி விரிகிறது. எனவே சிமுலேட்டரையும் 48 டிகிரிக்கு அமைத்தால் திரை உண்மையான ஜன்னலாகிவிடும், எல்லாம் அசல் அளவில் தெரியும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அப்படிப் பறந்து பார்த்தவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். இறக்கை தெரியாது, பாதிக் கருவிகள் தெரியாது, பக்கத்தில் வருபவன் தெரியவே மாட்டான். ஆகவே 48 டிகிரி இடத்துக்குள் 70, 80, 90 டிகிரியைத் திணித்தார்கள். விலை இல்லாமல் இது கிடைக்கவில்லை. தட்டைத் திரையில் 90 டிகிரியைப் பரப்பினால் ஓரத்தில் உருவங்கள் பக்கவாட்டில் இரண்டு மடங்கு இழுபடும், நடுவில் சுருங்கும். எதிரி வழக்கமாக இருப்பது நடுவில்.

ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானத்தின் இறக்கை நீளம் 9.9 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அது டிகிரியில் பாதியைவிடச் சற்று அதிகம், அதாவது 34 பாகைநிமிடம். நல்ல கண் ஒரு பாகைநிமிட அளவை இனம்பிரிக்கும் என்பதால் அந்த இறக்கையில் 34 புள்ளிகள் அளவு விவரம் தெரியும். 1920 பிக்சல் அகலத் திரையில் 90 டிகிரி காட்டும்போது அதே இறக்கை ஒன்பது, பத்து பிக்சல்தான். 30 டிகிரிக்குக் குறுக்கினால் 35 பிக்சல். கண்ணின் கூர்மை அப்படியே திரும்பக் கிடைக்கிறது. ‘இல்-2’ 90, 70, 30 என்று மூன்று பார்வைகளை மூன்று விசைகளில் வைத்திருந்தது சும்மா அல்ல.

உண்மையான விமானிக்குக் கண்ணில் தொலைநோக்கி இருந்ததா, பெரிதாக்கிப் பார்ப்பது ஏமாற்று வேலை அல்லவா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கட்சி நிற்காது. விமானிக்கு அகலமும் கூர்மையும் ஒரே நேரத்தில் இருந்தன. திரைமுன் இருப்பவருக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் கிடைக்கும். 30 டிகிரிக்குள் கண்ணைக் குறுக்கிக் குறிபார்க்கும்போது பின்னால் வருபவனுக்கு அவர் முதுகைக் கொடுத்துவிடுகிறார். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? இரண்டையும் சேர்த்துத் தர வேண்டுமானால் 200-க்கு 130 டிகிரி, டிகிரிக்கு 60 பிக்சல் என்று வைத்தாலும் 9 கோடிக்கு மேல் பிக்சல் தேவை. சாதாரணத் திரைகள் நாற்பத்தைந்தை அடுக்கியதற்குச் சமம்.

கழுத்தின் கதைக்குத் தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கார்வாலிஸ் ஊரைச் சேர்ந்த நேச்சுரல்பாயிண்ட் நிறுவனம் கையைப் பயன்படுத்த முடியாதவர்கள் தலையசைவால் கணினியை இயக்க ஒரு கருவி செய்துவந்தது. அதே நுட்பம் ‘டிராக்ஐஆர்’ என்ற பெயரில் விமானப் பிரியர்களிடம் வந்து சேர்ந்தது. தொப்பியில் ஒளியைத் திருப்பும் சிறு பொட்டுகள், திரைமேல் அகச்சிவப்புக் கேமரா. தலையைப் பதினைந்து, இருபது டிகிரி திருப்பினால் காக்பிட்டுக்குள் தலை முழுதாகப் பின்னால் திரும்பும், கண் மட்டும் திரையை விட்டு விலகாது. முதல் நாள் தலைசுற்றும், ஒரு வாரத்தில் கை கால் போலப் பழகிவிடும். ஆனால் இதிலும் ஒரு பொய் உண்டு. 5 ஜி திருப்பத்தில் ஆறு கிலோ எடையுள்ள தலையும் தலைக்கவசமும் முப்பது கிலோவாகக் கனக்கும். தோள்வாரில் கட்டுண்ட மனிதரால் அப்போது ஆந்தை மாதிரி கழுத்தைத் திருப்ப முடியாது.

2012-இல் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய ஓக்குலஸ் ரிஃப்ட் என்ற தலையணித் திரையின் முதல் மாதிரி மறு ஆண்டு வந்து சேர்ந்தது. போட்டுப் பார்த்தவர்கள் காக்பிட்டின் அளவைக் கண்டு வாயடைத்துப் போனார்கள். இறக்கை இறக்கையளவு நீளமாக, தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் கண்ணுக்கு 640 பிக்சல் அகலம், டிகிரிக்கு ஏழு. அந்த 109 ஒரு கிலோமீட்டரில் நான்கு பிக்சல் அழுக்கு. ஓரத்தில் கறுப்பு, ஜட்கா வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டியதுபோல. 2019-இல் ஹெல்சிங்கியின் வார்யோ நிறுவனம் நடுவில் மட்டும் கண்ணளவு கூர்மையான சிறு திரையும் சுற்றிலும் மங்கலான பெரிய திரையும் வைத்து ஒரு கருவி கொண்டுவந்தது. நாசாவின் கோளத்தில் இருந்த யோசனை ஐம்பது வருடம் கழித்து நெற்றியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

தலையணித் திரையால் இன்னொன்றும் திரும்பக் கிடைத்தது. ஒரு பேனாவை முகத்துக்கு ஒரு சாண் முன்னால் செங்குத்தாகப் பிடித்து, தூரத்து மரத்தைப் பார்க்கலாம். ஒரு கண்ணை மூடினால் பேனா மரத்தில் ஒரு கீற்றை மறைக்கும். இரண்டையும் திறந்தால் பேனா பாதி கரைந்துவிடும், மரம் முழுதாகத் தெரியும். இரு கண்மணிகளுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், அதைவிட ஒடுங்கிய செங்குத்துச் சட்டத்தால் தூரத்து விமானத்தை இரு கண்ணுக்கும் ஒருசேர மறைக்க முடியாது. மேஜைத் திரை ஒற்றைக் கண். 109-இன் கூண்டுக் கம்பிகள் அதில் இருபது வருடம் சிறைக்கம்பியாகத் தெரிந்ததற்கு அதுவும் காரணம். தலையணித் திரையில் அவை ஆவிபோல் விலகி வழிவிட்டன.

190-இன் கீழ்ச் சட்டம் மட்டும் அசையவில்லை. அது படுத்த வாக்கில் கிடப்பது. கண்களும் படுத்த வரிசையில்தான் இருக்கின்றன. பேனாவைக் கிடையாகத் திருப்பிப் பிடித்தால், இரண்டு கண்ணும் திறந்திருந்தாலும் மரத்தின் ஒரு கிளை காணாமல் போகும். அதற்கு அந்த ஐந்து சென்டிமீட்டர் கண்ணாடியின் கணக்கைத்தான் போட்டாக வேண்டும்.