ஏ.ஐ. உதவியுடன் வெப் ஆப்: ‘ஓடுது’ என்றால் ‘வேலை முடிஞ்சுது’ என்று அர்த்தமா?

வெள்ளிக்கிழமை இரவு ஒரு யோசனை வருகிறது. சனிக்கிழமை காலை அதை ஏ.ஐ. கோடிங் கருவியிடம் சொல்கிறீர்கள். மதியச் சாப்பாட்டுக்குள் லாகின் பக்கம், டேஷ்போர்டு, டேட்டாபேஸ் எல்லாம் ரெடி. ஞாயிறு மாலை லிங்க்கை வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுகிறீர்கள். ‘சூப்பரா இருக்கே, நீங்களேவா பண்ணீங்க?’ என்று பதில் வருகிறது.

சரி, ஒரு கேள்வி. அந்த ஆப்பில் பதிவு செய்தவர்களின் போன் நம்பரை யார் யாரெல்லாம் பார்க்க முடியும்?

உடனே பதில் சொல்ல முடிந்தால் நல்லது. முடியவில்லை என்றால், ஆப் இன்னும் முடியவில்லை. கோட் எழுதும் வேலையில் பெரும்பகுதியை ஏ.ஐ. எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் எந்தத் தகவல் யாருக்குத் தெரியலாம் என்ற முடிவு இன்னமும் நம்முடையதுதான். நாம் சொல்லாவிட்டால், பல நேரம் கருவி தானாகக் கேட்பதில்லை.

‘வைப் கோடிங்’ என்றால் என்ன?

கோடை வரி வரியாகப் படிக்காமல், வேண்டியதைச் சொல்லி, வந்ததை ஓட்டிப் பார்த்து, எரர் வந்தால் அதையே திரும்ப ஏ.ஐ.-யிடம் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லும் முறைக்கு ‘வைப் கோடிங்’ என்று பெயர். ஓப்பன்ஏஐ நிறுவனர்களில் ஒருவரான ஆந்த்ரே கர்பாதி 2025 பிப்ரவரியில் எக்ஸ் தளத்தில் பயன்படுத்திய சொல் இது. அந்த ஆண்டின் சொல்லாக காலின்ஸ் அகராதி இதையே தேர்ந்தெடுத்தது.

வார இறுதியில் செய்து தூக்கிப்போடும் புராஜெக்ட்களுக்கு இது பரவாயில்லை என்றுதான் கர்பாதி அந்தப் பதிவில் சொல்லியிருந்தார். அந்த நிபந்தனை பலருக்கு மறந்துபோனது.

2021-ல் கிட்ஹப் கோபைலட் அறிமுகமானபோது, அது அடுத்து வரவேண்டிய சில வரிகளைப் பரிந்துரைத்தது. இன்றைய கர்சர், கிளாட் கோட், லவபிள், ரெப்லிட் போன்ற கருவிகள் கோப்புகளை உருவாக்குகின்றன, கமாண்ட்களை ஓட்டுகின்றன. சில கருவிகள் ஆப்பை நெட்டில் ஏற்றிவிடவும் செய்கின்றன.

ஃபுல் ஸ்டாக் ஆப்பில் என்னென்ன இருக்கும்?

பெங்களூருவில் 120 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, மாதப் பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கும் ஆப் செய்வதாக வைத்துக்கொள்வோம்.

பிரவுசரில் தெரியும் பக்கங்கள் ஃப்ரன்ட் எண்ட். கோரிக்கைகளை வாங்கி, கணக்குப் போட்டு, பதில் அனுப்பும் சர்வர் பகுதி பேக் எண்ட். வீட்டு எண், உரிமையாளர் பெயர், போன் நம்பர், பாக்கித் தொகை எல்லாம் சேமித்து வைக்கும் இடம் டேட்டாபேஸ். இந்த மூன்றையும் சேர்த்துச் செய்வதுதான் ஃபுல் ஸ்டாக்.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரன்ட் எண்ட் என்பது பயன்படுத்துபவரின் கையில் இருக்கும் கோட். அதை அவர் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். ‘எல்லா வீடுகளின் விவரம்’ என்ற பட்டனைச் செயலாளருக்கு மட்டும் காட்டி, மற்றவர்களுக்கு மறைத்தால் போதாது. அந்த விவரத்தைக் கொடுக்கும் பேக் எண்டும் ‘கேட்பது யார்?’ என்று சோதிக்க வேண்டும்.

ஏ.ஐ. எழுதும் கோட் பொதுவாக எங்கே கோட்டை விடுகிறது?

பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 2025-ல் லவபிள் கருவியில் உருவான 1,645 வெப் ஆப்களை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அவற்றில் 170 ஆப்களின் டேட்டாபேஸில் உள்ள தகவல்களை லாகின் இல்லாமலேயே வெளியாட்கள் எடுக்க முடிந்தது. சி.வி.இ. 2025-48757 என்ற எண்ணில் இந்தக் குறைபாடு பதிவாகியிருக்கிறது.

காரணம் சிக்கலானது ஒன்றுமில்லை. இதுபோன்ற ஆப்களில் பிரவுசர் நேரடியாக டேட்டாபேஸுடன் பேசும். அதற்கான பொதுச் சாவி பிரவுசரிலேயே இருக்கும். அப்படி இருப்பது தவறும் இல்லை. ஆனால் அந்தச் சாவியுடன் வருபவர் எந்தெந்த வரிகளைப் பார்க்கலாம் என்று டேட்டாபேஸுக்குள்ளேயே விதி எழுத வேண்டும். இதற்கு ரோ லெவல் செக்யூரிட்டி என்று பெயர். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் புதிய டேபிள் ஒன்றை உருவாக்கினால் இது தானாக இயங்காது. நாம்தான் இயக்க வேண்டும், விதியும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டாலும் ஆப் அழகாக ஓடும். எரர் எதுவும் வராது.

தன் ஆப்பின் தகவலைப் பாதுகாக்கும் பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று கூறி லவபிள் தரப்பு அந்தப் பதிவை மறுத்தது. அந்த வாதம் சரியா தவறா என்பது ஒருபக்கம் இருக்கட்டும். ஏதாவது நடந்தால் கருவி செய்த நிறுவனம் எந்த இடத்தில் நிற்கும் என்பதை இது காட்டிவிடுகிறது.

இரண்டு லாகின் சோதனையை எப்படிச் செய்வது?

பத்து நிமிட வேலை. கோட் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

101-ம் வீட்டுக்கு ஒரு கணக்கு, 102-ம் வீட்டுக்கு ஒரு கணக்கு என இரண்டு லாகின் உருவாக்குங்கள். 101-ன் பில்லைத் திறந்து, அந்தப் பக்கத்தின் முகவரியை நகலெடுங்கள். இப்போது 102-ன் லாகினில் இருந்து அதே முகவரியைத் திறங்கள். பில் தெரிந்தால், கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். முழுவதும் லாக் அவுட் செய்துவிட்டு இன்னொரு முறை முயலுங்கள்.

பில் தெரியவில்லை என்பதால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, சர்வரிடமிருந்து என்னவெல்லாம் வருகிறது என்று பாருங்கள். திரையில் ஒரு வீட்டின் பில் மட்டும் தெரியும். பின்னால் 120 வீடுகளின் பட்டியலும் வந்து இறங்கியிருக்கும். இப்படியும் நடக்கும்.

வெப் ஆப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் முதலிடம் பிடித்தது இந்த வகைக் குறைபாடுதான். அதாவது, மனிதர்களும் காலகாலமாகச் செய்துவரும் தவறு இது. மனிதர்கள் எழுதிய கோடைப் படித்தே ஏ.ஐ. கற்றுக்கொண்டிருக்கிறது.

பணம் வாங்கும் ஆப் என்றால்?

ரேஸர்பே போன்ற பேமென்ட் சேவையை இணைக்கும்போது இரண்டு இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, தொகையை யார் சொல்கிறார்கள்? பாக்கி ரூ.2,500 என்பதை சர்வர் டேட்டாபேஸில் பார்த்துச் சொல்ல வேண்டும். பிரவுசர் அனுப்பும் தொகையை அப்படியே நம்பினால், யாராவது அதை ஒரு ரூபாயாக மாற்றி அனுப்பலாம். இன்னொன்று, ரேஸர்பேயில் தொகையைப் பைசாவில் அனுப்ப வேண்டும். ரூ.2,500 என்றால் 250000. இங்கே இரண்டு சைபர் தவறினால் ரூ.25 தான் வசூலாகும்.

இரண்டாவது, ‘பணம் வந்துவிட்டது’ என்று யார் சொல்கிறார்கள்? பிரவுசரில் வரும் வெற்றிச் செய்தியை வைத்து ரசீது போடக் கூடாது. பேமென்ட் சேவை அனுப்பும் சிக்னேச்சரை சர்வர் சரிபார்த்த பிறகே பாக்கியைக் கழிக்க வேண்டும். சிக்னேச்சரைச் சரிபார்க்கும் ரகசியச் சாவி எந்தக் காரணத்துக்காகவும் பிரவுசருக்குப் போகக் கூடாது. தவறிப்போய் கிட் களஞ்சியத்தில் ஏறிவிட்டால், கோப்பை அழித்தால் மட்டும் போதாது. பழைய கமிட்களில் அது அப்படியே இருக்கும். அந்தச் சாவியை ரத்து செய்துவிட்டு புதியது எடுங்கள்.

ஏஜென்ட்டுக்கு எவ்வளவு அனுமதி கொடுக்கலாம்?

2025 ஜூலையில், அமெரிக்க முதலீட்டாளர் ஜேசன் லெம்கின் ரெப்லிட்டின் ஏ.ஐ. ஏஜென்ட்டை வைத்து ஓர் ஆப் செய்துகொண்டிருந்தார். எதையும் மாற்ற வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்த நேரத்தில், உண்மையான தகவல்கள் இருந்த டேட்டாபேஸை ஏஜென்ட் அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது. ஆனால் மீட்க முடிந்தது. ரெப்லிட் தலைமை நிர்வாக அதிகாரி அம்ஜத் மசாத் மன்னிப்புக் கேட்டார். சோதனை டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் தானாகவே பிரித்துவைக்கும் ஏற்பாட்டையும் அறிவித்தார்.

‘தொடாதே’ என்று பிராம்ப்ட்டில் எழுதுவது வேண்டுகோள். நிஜ டேட்டாபேஸின் பாஸ்வேர்டையே ஏஜென்ட்டுக்குக் கொடுக்காமல் இருப்பதுதான் பூட்டு. தினசரி பேக்கப் எடுங்கள். அந்த பேக்கப்பில் இருந்து ஒருமுறையாவது மீட்டும் பாருங்கள்.

பேக்கேஜ்களிலும் கவனம் தேவை. இல்லாத பேக்கேஜின் பெயரை ஏ.ஐ. சில சமயம் கற்பனையாகச் சொல்லிவிடும். அதே பெயரில் யாராவது தீய கோடைப் பதிவேற்றி வைத்திருந்தால், நீங்கள் இன்ஸ்டால் செய்யும்போது அது உள்ளே வந்துவிடும். புதிய பெயர் எதுவாக இருந்தாலும், எத்தனை நாளாக இருக்கிறது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு அனுமதியுங்கள்.

நிஜமாகவே நேரம் மிச்சமாகிறதா?

வேலையைப் பொறுத்தது. மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025-ல் அனுபவமுள்ள 16 டெவலப்பர்களை 246 வேலைகளில் சோதித்தது. தங்களுக்கு நன்கு பழக்கமான பெரிய புராஜெக்ட்களில் ஏ.ஐ. பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. ஆனால் 20 சதவீதம் வேகமாக முடித்ததாக அவர்கள் நினைத்தார்கள்.

புதிதாகத் தொடங்கும் சின்ன ஆப்பில் அனுபவம் வேறு மாதிரி இருக்கலாம். கருவிகளும் மாறிவருகின்றன. ஆனால் நம் வேகத்தைப் பற்றிய நம் கணிப்பே தவறலாம் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். முதல் நாளில் மிச்சமான நேரம், மூன்றாவது வாரத்தில் புரியாத கோடைத் தோண்டும்போது செலவாகிவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. சொந்த, வீட்டு உபயோகத்துக்காகத் தனிநபர் வைத்திருக்கும் தகவலுக்கு இது பொருந்தாது. ஆனால் உங்கள் ஆப்பைக் குடியிருப்போர் சங்கமோ நிறுவனமோ பயன்படுத்தத் தொடங்கினால் கதை மாறுகிறது. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கோடை எழுதியது ஏ.ஐ. என்பதற்காக இதில் தனி விலக்கு எதுவும் இல்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

முதல் பிராம்ப்ட்டுக்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். இடப்பக்கம் ஆட்களை எழுதுங்கள்: குடியிருப்பவர், செயலாளர், பொருளாளர், வெளியாள். மேலே தகவல்களை எழுதுங்கள்: பெயர், போன் நம்பர், பில், ரசீது. ஒவ்வொரு கட்டத்திலும் ‘பார்க்கலாம்’, ‘மாற்றலாம்’, ‘கூடாது’ என்று நிரப்புங்கள். அந்த அட்டவணையையே ஏ.ஐ.-யிடம் முதலில் கொடுங்கள். பிறகு இந்த வரிசையில் போகலாம்:

• கோட் எழுதும் முன் திட்டத்தைக் கேளுங்கள். டேபிள்கள் எவை, விதிகள் எவை என்று படித்த பிறகு சம்மதம் சொல்லுங்கள்.
• ஒரு நேரத்தில் ஒரு வசதி. அது சரியாக ஓடியதும் கமிட் செய்யுங்கள். அடுத்தது சொதப்பினால் திரும்பி வர இடம் இருக்கும்.
• அட்டவணையில் ‘கூடாது’ என்றுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு டெஸ்ட் எழுதச் சொல்லுங்கள்.
• லிங்க்கைப் பகிரும் முன் இரண்டு லாகின் சோதனையை நீங்களே செய்யுங்கள். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்குப் பிறகும் திரும்பச் செய்யுங்கள்.
• பணம், ஆதார், மருத்துவ விவரம், குழந்தைகளின் தகவல் இருந்தால், அனுபவமுள்ள ஒரு டெவலப்பரிடம் காட்டிவிட்டு வெளியிடுங்கள்.

தேவையில்லாத தகவலை வாங்காமல் இருப்பது இவை எல்லாவற்றையும்விட சுலபம். பராமரிப்புக் கட்டணம் வசூலிக்க வீட்டு எண்ணும் ஒரு போன் நம்பரும் போதும். பிறந்த தேதி எதற்கு? ஏ.ஐ. போட்டுக்கொடுத்த படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தால், முதலில் அதை எடுத்துவிடுங்கள்.